லோவெல் ஹ்ரூஸ்காவின் தலைக்கு மேலே நின்ற பலூன்

"மேல போறது கடவுளோட வேலை. கீழ வந்ததைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. இதுவரைக்கும் என் வேலையில நான் தப்பினதில்ல."

லிப்னிக் தீயணைப்பு நிலையத்தின் கோடைக்கால பன்றிக்கறி விருந்தில், கையில் காகிதத் தட்டுடன் லோவெல் ஹ்ரூஸ்கா இப்படி அறிவித்தபோது பாதிரியார் அடுத்த மேசையில்தான் இருந்தார். கடவுள் தரப்பிலிருந்து அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அவர் வாயில் சோளக்கதிர் இருந்தது. அதை லோவெல் முழு ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மற்றவர்களுக்கு ஆண்டெனா வேண்டும், தனக்கு அது வெறும் கைத்தடி, உண்மையில் வேலை செய்வது காதுதான். அந்தக் காதுகளும் பார்க்க அப்படித்தான் இருந்தன. தலையில் முளைத்தவை போலத் தெரியாது. நல்ல கடையில் பார்த்து வாங்கி மாட்டியவை போலத் தெரியும்.

லோவெலுக்கு அறுபது வயது. லிப்னிக் தானியக் கூட்டுறவுக் களஞ்சியத்தின் மேலாளர். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் களஞ்சியக் கோபுரத்தைவிட உயரமானது மேகம் ஒன்றுதான் என்பதால், கோபுர உச்சியில் ஓர் ஆண்டெனா கட்டிக்கொள்ளும் உரிமையை அவர் பதவியோடு சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் பொழுதுபோக்காக வானொலி வைத்துப் பேசிக்கொள்ளும் வானொலிக்காரர்களின் பலூன் குழுவுக்கு அவர் மீட்புத் தலைவரானதும் அப்படித்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டிக் கூரையில் காந்தம் வைத்து ஒட்டும் மஞ்சள் சுழல்விளக்கு அவரிடம்தான் இருந்தது. விளக்கு வைத்திருப்பவர் முன்னால் போவதுதானே முறை.

குழுவின் வேலை எளிமையானது. மதிய உணவுப் பெட்டி அளவுள்ள தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு காமிராவையும் வானொலிக் கருவிகளையும் வைத்து, பாராசூட்டோடு ஒரு பெரிய பலூனில் கட்டி மேலே விடுவார்கள். நண்பகலிலேயே வானம் கறுத்திருக்கும் உயரத்துக்கு அது போகும். போகப் போகப் பருத்து, ஒரு வீடு அளவு ஆனபின் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். இவர்கள் கார்களில் துரத்திப் போய் எடுத்து வருவார்கள். எதற்காக என்று அவரவர் வீட்டில் ஒரே ஒருமுறை கேட்கப்பட்டது. பதில் நீளமாக இருந்ததால் மறுபடி கேட்கப்படவில்லை.

வானொலிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் என்றால் பள்ளிக்கூடம் முடிக்காதவனாக இருந்தாலும் 'கிழவா'தான். பெண் என்றால் எழுபது வயதானாலும் 'இளம்பெண்ணே'தான். உலகம் முழுவதும் அலைவரிசைகளில் இந்த அநியாயம் நூறு வருடமாக நடந்துவருகிறது. இதுவரை எந்த இளம்பெண்ணும் வழக்குத் தொடுக்கவில்லை.

லிப்னிக் குழுவின் ஒரே இளம்பெண் லவான் டெஸ்கி. அறுபத்தாறு வயது, முழங்காலில் ஓர் அறுவைச் சிகிச்சை. பணி ஓய்வு பெறும்வரை மாவட்ட ஷெரிப் அலுவலகத்தின் வானொலிக் குரல் அவருடையது. எந்தச் சாலையில் மான் மோதியது, எந்தக் களத்தில் தீப்பிடித்தது, யார் வீட்டில் கிழவர் மாடிப்படியில் விழுந்தார் என்று அந்தக் குரல் சொன்ன இடத்துக்கெல்லாம் வண்டிகள் பறந்தன. குரல் மட்டும் ஜன்னலில்லாத அறையில் ஒரு நாற்காலியில் இருந்தது. குழுவில் சேர்ந்த அன்று ஏன் சேர்கிறாய் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "முப்பது வருஷம் அங்க போ, இங்க போன்னு மத்தவங்களுக்குச் சொன்னேன். நான் சொன்ன இடத்துக்கு ஒரு தடவையாவது நானே போய்ப் பார்க்கணும்."

அதற்காக அவர் இரண்டு காரியங்கள் செய்தார். மேல்காற்றின் போக்கைப் பார்த்து, பெட்டி எங்கே இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார். பிறகு ஒரு குளிர்காலம் முழுவதும் சமையல் மேசையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்து, ஓயாமல் கீச்சிடும் ஒரு சின்னக் கருவி செய்தார். பெட்டி எந்தப் புதரில் விழுந்தாலும் அதன் கீச்சொலியை வைத்துத் திசை பிடிக்கலாம். அதற்குக் குருவி என்று பெயர் வைத்தார். ஒன்று கெட்டால் உதவும் என்று அதே குரலில், அதே அலைவரிசையில் கீச்சிடும் இரட்டைக் குருவி ஒன்றும் செய்தார்.

குழுத் தலைவரும் ஊர்ப் பல் மருத்துவருமான ஜீன் போஸ்பிஷில் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஆகஸ்ட் மாதப் பலூனில் குருவி ஒழுங்காகக் கீச்சிட்டால், அடுத்த முறை மஞ்சள் விளக்கு லவானின் காருக்குப் போகும், அவர் சொன்ன இடத்துக்கு எல்லோரும் பின்னால் போவார்கள். கீச்சிடாவிட்டால் பழைய முறையே தொடரும். லோவெல் புன்னகைத்தார். அது பல் மருத்துவருக்குக் காட்டும் புன்னகை.

அந்த ஆகஸ்ட் காலையில் எல்லோரும் நாற்சந்தி உணவகத்தில் கூடினார்கள். லவான் இரண்டாவது குருவியை லோவெலிடம் கொடுத்து, அணைத்து வைத்திருக்கிறேன், பெட்டியில் இருப்பது கெட்டால்தான் இது வேண்டும், அதுவரை தொடாதே என்று சொல்லிவிட்டு பலூன் விடும் மைதானத்துக்குக் கிளம்பினார். லோவெல் அதைத் தன் தகர டப்பாவில் வைத்தார். உள்ளே ஏற்கெனவே அவர் அக்கா கொடுத்தனுப்பிய கசகசா கொலாச்சி ரொட்டிகள் இருந்தன.

இலவங்கப்பட்டை ரொட்டியோடு மிளகாய்க் கறி கொண்டுவந்த உணவகக்காரி டீனா, அது என்ன என்று கேட்டாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லோவெல் பொத்தானைத் தள்ளிக் குருவியை உசுப்பிவிட்டு, அதை எங்கு வேண்டுமானாலும் ஒளித்து வை, கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்கிறேன் என்றார். இடுப்பு வானொலியைக் காதருகே வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். தவத்தில் இருப்பவர் போல முகம் வைத்துக்கொண்டு காப்பிப் பாத்திரத்தைச் சுட்டினார்.

குருவி டீனாவின் ஏப்ரன் பையில் இருந்தது.

"பாத்திரம் உலோகம். அலை அதுல பட்டுத் திரும்புது" என்றார் லோவெல்.

"அப்படியா கண்ணு" என்றாள் டீனா. விஞ்ஞானத்தோடு வாக்குவாதம் செய்தால் மற்ற மேசைகளுக்குக் காப்பி ஆறிவிடும்.

வெளியே ஜீன் ஹாரன் அடித்தார். லோவெல் குருவியை டப்பாவுக்குள் போட்டு மூடி, டப்பாவை வண்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினார். பொத்தானை அணைக்கவில்லை. இதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும். லோவெல் வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் காற்று அசையவில்லை. பலூனை வெறுங்கையால் தொட்டால் தோலின் எண்ணெய் பட்டு மேலே சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால் எல்லோரும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார்கள். ஹீலியம் இரைந்துகொண்டே ஏற, புல்லில் கிடந்த ரப்பர் தோல் தூக்கத்தில் புரள்வது போல ஒருமுறை புரண்டு, எழுந்து, தலைக்கு மேல் நின்றது. அந்த நேரத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பல் பிடுங்கும்போதுகூட கால்பந்து பேசும் ஜீன் அங்கே கிசுகிசுப்பார். லவான் பெட்டியின் மூடியை ஒட்டினார். குருவி கீச்சிட்டது. எல்லார் இடுப்பிலும் கீச்சிட்டது. ஒரே குரல், ஒரே அலைவரிசை; மைதானத்தில் இருப்பது ஒன்றா இரண்டா என்று யாருக்குத் தெரியும்?

கயிற்றை விட்டார்கள். பலூன் அவசரமே இல்லாமல் போனது. சோளத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, லோவெலின் களஞ்சியக் கோபுரத்துக்கும் மேலே. பிறகு பகலில் மறந்து எரியவிட்ட விளக்கு போல ஒரு வெண்புள்ளி. பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் இன்னும் அண்ணாந்தே இருந்தார்கள். காலியான வானத்தை இவ்வளவு அன்போடு பார்க்கும் ஆட்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

பெட்டிக்குள் குருவியைத் தவிர, தான் இருக்கும் இடத்தை அவ்வப்போது எழுத்தில் அனுப்பும் பழைய கருவி ஒன்றும் இருந்தது. அது லோவெல் செய்தது. பல பயணம் கண்ட மூத்த கருவி. தொண்ணூறாயிரம் அடியைத் தாண்டியதும் அது பேச்சை நிறுத்திக்கொண்டது. குளிரா, வயதா, தெரியவில்லை. பலூன் வெடித்ததா, இன்னும் ஏறுகிறதா என்று சொல்ல ஆளில்லை. மிச்சமிருந்தது குருவியின் கீச்சொலி மட்டும்.

கீச்சொலியோ அற்புதமாக இருந்தது. லோவெல் வண்டியை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக ஆண்டெனாவை நீட்டினார். கிழக்கே திருப்பினார், பலமாகக் கேட்டது. வடக்கே திருப்பினார், அதே பலம். தெற்கேயும் அதே. எந்தப் பக்கம் திருப்பினாலும் தங்கக் கிண்ணத்தைத் தட்டியது போல ஒரே நாதம். இப்படி ஒன்றை அவர் காது அதுவரை கேட்டதில்லை. இதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்று அவர் முடிவுசெய்தார். இரண்டாவது பொருள் அவருடைய இருக்கைக்கு அடியில் கொலாச்சிகளோடு இருந்தது.

"கிழவன்களே, கேட்டுக்கங்க" என்று வானொலியில் அறிவித்தார். "பலூன் வெடிக்கல. மிதக்குது. நேரா என் உச்சந்தலைக்கு மேல."

எப்போதாவது ஒரு பலூன் வெடிக்காமல் மேலேயே மிதந்துவிடுவது உண்டு. லிப்னிக் குழுவுக்கு அந்த பாக்கியம் வாய்த்ததில்லை. பின்னால் வந்த கார்களில் மகிழ்ச்சி பொங்கியது. அவர்களும் ஆண்டெனாவை நீட்டிப் பார்த்தார்கள். சிக்னல் எங்கிருந்து வருகிறது? முன்னாலிருந்து. முன்னால் போவது யார்? லோவெல். எல்லாம் பொருந்தியது.

கடைசிக் காரிலிருந்து லவானின் குரல் வந்தது. முப்பது வருடம் பதறாமல் பழகிய குரல். "என் கணக்குப்படி அது ஒரு மணிக்கே இறங்கியிருக்கணும் கிழவா. எல்க்ஹார்ன் ஆத்துக்கு வடக்க, அந்த வெள்ளை லூத்தரன் கோயில் பக்கம். நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"கணக்கு கம்ப்யூட்டர்ல இருக்கு இளம்பெண்ணே. பலூன் என் தலைக்கு மேல இருக்கு. வரிசையைக் கலைக்காத."

லவானின் ஆண்டெனாவும் முன்னால்தான் காட்டியது. தான் செய்த குருவி ஒரு பக்கம் கூப்பிட, தான் போட்ட கணக்கு இன்னொரு பக்கம் கூப்பிட்டது. கடைசியில் குருவியை நம்பினார். வரிசை கலையவில்லை.

அதன் பிறகு நடந்ததை லோவெல் நெடுநாள் கனவு போல நினைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த தன் பங்கை மட்டும் கழித்துவிட்டு. இங்கே சாலைகள் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டுக் கிடக்கின்றன. ஒரு கட்டம் முழுக்கச் சோளம், அடுத்தது சோயா, அடுத்தது மறுபடி சோளம். அவர் மெதுவாக ஓட்டினார். வேகத்தைக் கூட்டினால் மேலே இருப்பதும் கூட்டியது. அவர் நின்றால் அதுவும் நின்றது. வண்டியை வடக்கே திருப்பிப் பார்த்தார், கூடவே திரும்பியது. சிறுவயதில் அப்பாவின் லாரியில் போகும்போது நிலா இப்படித்தான் வேலிகளுக்கு மேலே கூடவே ஓடிவந்தது. நிலா எல்லாருடனும்தான் ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இது அப்படியல்ல. இருபது மைல் உயரத்தில், கறுத்த வானத்தில் தனியாக நின்றுகொண்டு, கீழே ஊர்கிற ஒரு பழைய பிக்கப் வண்டியை இது அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. ரேடியோ பாட்டை அணைத்தார். மனைவி கிளம்பிப்போய் ஆண்டுகள் பலவாகின்றன. அதன் பிறகு யாரும் அவரோடு இவ்வளவு பொறுமையாக ஊர்வலம் வந்ததில்லை.

புழுதியில் ஒருவரையொருவர் தவறவிடக்கூடாது என்று எல்லாக் கார்களும் முகவிளக்கைப் போட்டிருந்தன. முன்னால் மஞ்சள் விளக்கு, நடக்கிற வேகம், ஒருவர் பின் ஒருவர். எதிரே டிராக்டரில் வந்த ஒரு விவசாயி ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அடுத்த மைலில் ஒரு தானிய லாரியும் அப்படியே நின்றது. யாரோ பெரிய மனிதர் காலமாகிவிட்டார் என்று அன்று மாலை இரண்டு ஊர்களில் பேசிக்கொண்டார்கள். லோவெல் தலையை மெல்ல அசைத்து மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

ஏதோ ஒரு நாற்சந்தியில் பெட்ரோல் நிலையம் வந்தது. எல்லோரும் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து நின்றார்கள். அதோ என்றார் ஒருவர். எங்கே என்றார் இன்னொருவர். பிறகு எல்லாருக்குமே தெரிந்தது. மருந்துக்கும் ஒரு மேகமில்லாத வானம். அதில் விரும்பியவர் விரும்பிய இடத்தில் ஒரு வெண்புள்ளி.

லோவெல் மட்டும் இறங்கவில்லை. ஆனந்தத்தில் அவருக்குப் பசித்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

கசகசாப் பூரணத்துக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு அவரைப் பார்த்துக் கண்சிமிட்டியது. கீச்.

மனித மூளை சில உண்மைகளை உடனே உள்ளே விடுவதில்லை. வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும். லோவெல் முதலில் பலூன் எப்படி டப்பாவுக்குள் வந்தது என்றுதான் யோசித்தார். அடுத்த சிமிட்டலில் எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் கத்துகிறவன் குரலில் தூரத்தில் பாடுகிறவள் குரல் அமுங்கிப்போவது போல, உண்மையான குருவியின் குரல் காலையிலிருந்து இதற்குள் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

அந்த நிமிடம் கதவைத் திறந்து டப்பாவைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். சிரித்திருப்பார்கள், வாழ்நாள் முழுக்கச் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். வெளியே பார்த்தார். எல்லோரும் வானத்தைப் பார்த்து நின்றார்கள். லவானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். லோவெல் விரலால் பொத்தானைத் தள்ளினார்.

எல்லார் இடுப்பிலும் ஒரே சமயத்தில் மௌனம் விழுந்தது.

கொஞ்ச நேரம் வானொலிகளைத் தட்டினார்கள், உதறினார்கள், திருகினார்கள். பெட்டியிலிருந்த குருவி எங்கோ தொலைவில், தரையோடு தரையாகக் கிடந்து கீச்சிட்டிருக்கலாம், இங்கே கேட்கவில்லை. ஜீன்தான் கடைசியில் சொன்னார், பல் போய்விட்டது என்று நோயாளியிடம் சொல்லும் அதே தொனியில்: "பற்றவைச்சது விட்டுப்போச்சு போல."

லவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கும். மேல அவ்வளவு குளிரு. என் தப்புதான்" என்றார். பிறகு லோவெலின் ஜன்னலருகே வந்தார். "மன்னிச்சுக்க கிழவா. நீ அவ்வளவு தூரம் கூடவே வந்தியே."

லோவெலின் வாயில் ஒரு கொலாச்சி இருந்தது. விருந்தில் பாதிரியாருக்குச் சோளக்கதிர் உதவியது போல அது அவருக்கு உதவியது.

அடுத்த வியாழக்கிழமை உணவகத்தில் நடந்த கூட்டத்துக்கு லவான் வரவில்லை. குழுவின் ஆண்டெனாவையும் சாவியையும் ஜீனின் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதுதான் தனக்கு வரும், போய்ப் பார்ப்பது வராது என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னாராம். குழு வருத்தப்பட்டது. லோவெலின் சாதனையில் விழுந்த கறைக்கு லோவெல் பொறுப்பல்ல, இளம்பெண்ணின் குருவியே பொறுப்பு என்று ஒருமனதாகக் கருதியது. "உன் காதுக்கு ஒண்ணும் ஆகல கிழவா" என்று ஜீன் அவர் முதுகில் தட்டினார். லோவெலுக்கு அன்று மிளகாய்க் கறி உறைக்கவில்லை. டீனா காப்பி ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஏப்ரன் பையை ஒருமுறை தட்டிக்கொண்டாள். வேண்டுமென்றே தட்டினாளா என்று லோவெல் இரண்டு நாள் யோசித்தார்.

சனிக்கிழமை அவர் மஞ்சள் விளக்கை வீட்டில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எல்க்ஹார்ன் ஆற்றுக்கு வடக்கே ஓட்டிப் போனார். சோளம் வண்டியைவிட உயரமாக இருபுறமும் நின்றது. வெள்ளை லூத்தரன் கோயிலைத் தாண்டியதும், ஆண்டெனாவை எடுப்பதற்கு முன்பே இடுப்பில் கேட்டது, மெலிந்து, தூக்கத்தில் பேசுவது போல: கீச்.

அந்த வயல் டெல்மர் யேகர் என்பவருடையது. அனுமதி கேட்காமல் வயலில் கால் வைப்பது இங்கே வழக்கமில்லை. லோவெல் தேடிப்போய்ச் சொன்னதும் டெல்மர் தலையைச் சொறிந்தார். "ஓ, அதுவா. விதைக் கம்பெனிக்காரங்க கட்டினதுன்னு நினைச்சேன். அவங்க எதையாவது கட்டிட்டேதான் இருப்பாங்க."

வயலின் நடுவே ஊன்றி, கால் மைல் நீளக் குழாயைச் சக்கரங்களின் மேல் வைத்துச் சுற்றவிட்டிருக்கும் பாசன யந்திரம் ஒன்று தண்ணீர் தூவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நகர்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாத வேகம். அதன் நுனியில், நனைந்த ஆரஞ்சுப் பாராசூட்டோடு பெட்டி தொங்கியது. விழுந்த நாளிலிருந்து அது வயலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுத்த வானத்தின் ஓரத்தில் பூமி வளைவதைப் பார்த்துவிட்டு வந்த காமிரா, இப்போது டெல்மரின் சோளத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தது. தூவல் நீரில் ஒரு துண்டு வானவில் அதன் கூடவே நகர்ந்தது. லோவெல் சாலையோரத்தில் நின்றார். குருவி தன் வட்டத்தில் விலகியது, விலகிக்கொண்டே கூப்பிட்டது. உண்மையிலேயே தொலைவிலிருந்து வரும் குரல் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் கேட்டது. அது எல்லாத் திசையிலும் இல்லை. ஒரே ஒரு திசையில், அதுவும் கொஞ்சமாகத்தான் இருந்தது.

லவான் சொன்ன இடத்துக்கும் இதற்கும் ஒரு வயல்தான் வித்தியாசம்.

டெல்மர், யந்திரத்தை நிறுத்தட்டுமா, ஏணி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு கணத்தில் லோவெலின் மனம் வேலையை முடித்துவிட்டது: சிக்னல் செத்த பிறகும் வெறும் காதால் தேடிப்பிடித்த கதை, ஜீனின் முகம், அடுத்த விருந்தில் பாதிரியார் மேசைக்குப் பக்கத்து இடம். பெட்டியைக் கையில் பிடித்தபடி தான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதுவரை அதில் இருந்தது. இத்தனை அழகாக வந்த ஒரு கதையை விட்டுக்கொடுக்க மனிதனுக்குக் கஷ்டம்தான்.

"வேணாம்" என்றார். "நாளைக்கு வரோம். இதை முதல்ல பார்க்க வேண்டியவ இன்னொருத்தி."

ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் களஞ்சியக் கோபுரத்தின் கீழே கூடினார்கள். லோவெல் தொலைபேசியில், வாருங்கள், வானொலியும் ஆண்டெனாவும் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே கண்டுபிடித்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஜீன் ஒரு சாக்லேட் கேக் கொண்டுவந்திருந்தார். மேலே சர்க்கரையில் 'தப்பாத காது' என்று எழுதியிருந்தது. லவான் கடைசியாக வந்தார். லோவெல் இரண்டு தடவை கூப்பிட்டதால் வந்தார். காரைவிட்டு இறங்கினாலும் கதவை மூடவில்லை.

லோவெல் தன் வண்டியின் முன் இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். "ரேடியோவைப் போடுங்க" என்றார். அவர் கை இருக்கைக்கு அடியில் போனது.

கீச்.

எல்லார் இடுப்பிலும் கீச்சிட்டது. உயிரோடு இருக்கிறது என்று ஜீன் முணுமுணுத்தார். ஆண்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்தன. பழகிய கைகள் அவற்றை மெல்லச் சுழற்றின. ஒன்று கிழக்கே போய்த் திரும்பியது. ஒன்று கோபுரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. நாலு பக்கமும் நின்ற ஆட்களின் ஆண்டெனாக்கள் தயங்கித் தயங்கி, கடைசியில் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து நின்றன. அந்த இடத்தில் லோவெல் ஹ்ரூஸ்கா உட்கார்ந்திருந்தார்.

அவர் இறங்கி, தகர டப்பாவை எடுத்து வண்டியின் முன்மூடியில் வைத்து, திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே கல்லாகிப்போன ஒரே ஒரு கொலாச்சி. பக்கத்தில் சிவப்பு விளக்கு.

லவான்தான் முதலில் அருகே வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப இருந்து ஓடுது?"

"டீனா கடையில இருந்து."

"அப்ப மேல போனது?"

"நீ சொன்ன இடத்துலதான் இருக்கு. வெள்ளைக் கோயில் பக்கம். இன்னும் கூப்பிட்டுக்கிட்டிருக்கு."

லவான் குருவியை எடுத்து அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொலாச்சியைத் தட்டிப் பார்த்தார். மரக்கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. "இதையுமா மிதக்கவிட்ட?" என்றார்.

லோவெல் தன் வண்டிக் கூரையிலிருந்து மஞ்சள் விளக்கைக் கழற்றினார். அத்தனை வருடம் ஒட்டியிருந்த இடத்தில் வண்ணம் வட்டமாகப் புதிதாக இருந்தது. லவானின் காருக்கு நடந்து போய் அதன் கூரையில் வைத்தார். காந்தம் டப் என்று பிடித்துக்கொண்டது. ஜீன், கேக்கிலிருந்த முதல் சொல்லைக் கத்தியால் மெதுவாக வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

கார்கள் கிளம்பின. லோவெல் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, கடைசியாகச் சாலையில் ஏறினார். முன்னால் புழுதி எழுந்து, சோளத்துக்கு மேலே பொன்னிறமாகத் தொங்கியது. அதற்குள்ளே எங்கோ மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டு, ஆண்டெனாவைப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு, அந்த விளக்கைப் பார்த்து ஓட்டினார்.